புதுத் தண்டவாளமும் அம்மன் புடவையும்

1

விருதுநகரிலிருந்து பழைய நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார், ரங்கூனில் மறுபடியும் டிராம் ஓடப் போகிறதாமே, உன் மகள்தான் தண்டவாளம் போடுகிறாளாமே என்று. அவர் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்வார். யாங்கோன் என்று திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். முதல் கேள்விக்கு ஆமாம் என்றேன். இரண்டாவது கேள்விக்கு, லைன் சரியில்லை, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லாததை எழுதியாவது தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்து பெரும்பாலும் இந்த ஊர்த் துறைமுகத்திலிருந்து வருவதுதான். அதை வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்க, இரண்டு வருடத்துக்கு என்று சொல்லி, இளவட்டமாக வந்து இறங்கினேன். இப்போது தலையில் கறுப்பு முடியைத் தேட வேண்டியிருக்கிறது. இடையில் சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் இங்கேயே பிறந்தவள். அவளுடைய பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், அப்பா நகராட்சியில் வேலை பார்த்தவர். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஒசாகாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவோடு பர்மீயத்தில் மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுவான். என்னிடம் வந்ததும் தமிழில் சாப்பிட்டீர்களா என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் இரண்டு பேரிடமும் சரக்கு இருக்காது.

இளையவள் யமுனா. அலுவலகத்தில் பர்மீயப் பெயரில் மா யமின். தண்டவாளப் பொறியாளர். இந்த ஊர் இப்போது இருக்கும் இருப்பு உங்களுக்குச் செய்தியில் தெரியும். எங்கள் தெருவில் படித்த பிள்ளைகள் என்று விரல்விட்டு எண்ணக்கூட ஆள் இல்லை. பாங்காக், சிங்கப்பூர், ஜப்பான் என்று கிளம்பிவிட்டார்கள். யமுனாவுக்கும் பாங்காக்கிலிருந்து அழைப்பு வந்துகொண்டேதான் இருந்தது. ஆற்றோரச் சாலையில் பழைய டிராம் தண்டவாளத்தைப் பெயர்த்துப் புதியது போடும் வேலை கிடைத்ததால் இருந்தாள். அந்த வேலை நீள நீள அவள் இருப்பாள். நான் அந்தத் தண்டவாளத்தைப் பார்த்த பார்வை அப்படிப்பட்டது. சீக்கிரம் முடிய வேண்டும் என்று தெருவே வேண்டிக்கொண்டது. நான் ஒருத்தன்தான் முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

2

எங்கள் வீடு கியாக்டடாவில், ஆற்றைப் பார்த்து இறங்கும் தெரு ஒன்றில் நான்காவது மாடியில் இருக்கிறது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெருமுனையில் ஆற்றோரச் சாலை தெரியும். துறைமுகச் சரக்கு வண்டிகள் ஓடிய தடம் அது. சில வருடங்களுக்கு முன்னால் அதில் டிராம் விட்டார்கள். நான்கூட சரோஜாவை ஏற்றிக்கொண்டு ஒருநாள் போனேன். நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஏற ஆள் இல்லாமல் சில மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு தண்டவாளம் தாரிலும் சேற்றிலும் வெற்றிலை எச்சிலிலும் புதைந்து, மழைக்காலத்தில் அதன் மேல் தண்ணீர் நின்றது. சைக்கிள்காரர்கள் வழுக்கி விழும்போதுதான் அங்கே இரும்பு இருப்பது ஞாபகம் வரும்.

அதைத்தான் இப்போது தோண்டினார்கள். காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது யமுனா தலையில் மஞ்சள் தொப்பியும் கன்னத்தில் சந்தனம்போல் அரைத்த தனாக்காப் பட்டைப் பூச்சுமாகச் சாலை நடுவே நிற்பாள். அப்பா என்று கூப்பிட மாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள். நானும் ஆட்டிவிட்டுப் போவேன். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அவளை ஸயாமா என்பார்கள். டீச்சரம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பெண்ணை நாலு பேர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்பதற்காகவே நான் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் உண்டு.

சாப்பாட்டு நேரத்தில் அவள் அம்மாவிடம் பர்மீயத்தில் வேலை பற்றிச் சொல்வாள், அம்மா எனக்குத் தமிழில் சொல்வாள். எந்தெந்த ஆபீஸில் எந்தெந்தக் காகிதம் நிற்கிறது என்பதுதான் பாதிக் கதை. துறைமுகம் சம்மதித்தால் நகராட்சி சம்மதிக்காது, இரண்டும் சம்மதித்தால் போக்குவரத்துப் போலீஸ் ஊரில் இருக்காது. எனக்கு அது புதிதில்லை. இத்தனை வருடம் இருந்தும் வருடா வருடம் தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்கப் போய் நிற்கிறவன் நான். ஒவ்வொரு தடவையும் அதே அம்மாள், அதே கேள்வி கேட்பாள், எப்போது திரும்பிப் போகப் போகிறீர்கள் என்று. நானும் என் கோணல் பர்மீயத்தில் ஏதோ பதில் சொல்வேன், பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள்.

3

எங்கள் தெருவில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. துறைமுகத் தமிழர்கள் கட்டியது. வருடத்தில் ஒருநாள் மரத்தேர் புறப்பட்டு ஆற்றோரச் சாலையைக் கடந்து படித்துறை வரை போய்த் திரும்பும். பழைய தண்டவாளம் புதைந்து கிடந்ததால் யாருக்கும் அதில் தொல்லை இல்லை. புதுத் தண்டவாளத்தில் வந்தது வில்லங்கம்.

ரயில் சக்கரத்தின் விளிம்பு இறங்கி ஓடுவதற்குத் தண்டவாளத்தின் உட்பக்கம் ஒரு பள்ளம் விட்டாக வேண்டும். தேர் தெருவிலிருந்து திரும்பும்போது அந்தப் பள்ளத்தை நேராகத் தாண்டாது, சாய்வாகத் தாண்டும். தேர்ச் சக்கரத்தின் இரும்புப் பட்டை அந்தப் பள்ளத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. இறங்கினால் மாட்டிக்கொள்ளும், மேலே கலசத்தோடு தேர் சாயும். இதைக் கண்டுபிடித்தது கோயில் கமிட்டி இல்லை. யமுனாதான். ஒரு சாயங்காலம் கோயிலுக்குள் போய் சக்கரத்தின் முன்னால் குனிந்து டேப் பிடித்து அளந்தாள். கமிட்டித் தலைவர் ஊ மாணிக்கம், சாமி கும்பிடத்தான் குனிகிறாள் என்று நினைத்துத் திருநீறு கொண்டுவந்தாராம். ஊ என்பது இங்கே பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதைச் சொல்.

அவளே வழியும் கண்டுபிடித்தாள். கடக்கும் இடத்தில் மட்டும் பள்ளத்துக்குள் கட்டை வைத்து அடைத்துவிடலாம், மறுநாள் எடுத்துவிடலாம். ஆனால் தேர் ஓடும் அந்த வாரம்தான் சோதனை வண்டி ஓடவேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதைத் தள்ளிவைக்கத் தலைமைப் பொறியாளர் ஊ டின் மனது வைக்க வேண்டும். அவள் போய்க் கேட்டாள். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு, எத்தனையோ ஆபீஸ் சம்மதித்த தேதியைத் தன் கையெழுத்தில் மாற்றினார். ஏன் எதற்கு என்று மேலிடத்துக்கு எழுதவும் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் என்னிடம் நேராகத் தமிழில் பேசினாள்.

"அப்பா, யாருக்கும் ஒண்ணும் செய்ய வேணாம். தேர் வரணும், தாண்டணும், போகணும். ஊ டின் ஸயாவுக்கு மாலை கீலை வேணாம். அவருக்குப் பிடிக்காது."

நான் சரி என்றேன்.

4

சரி என்று சொல்வது சுலபம். எங்கள் பக்கத்தில் ஓர் உபகாரத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட முடியுமா? விருதுநகரில் எங்கள் தெருக் கோயிலில் மின்சார ஆபீஸ்காரர் ஒருவர் திருவிழா முடியும்வரை கரண்டை நிறுத்தாமல் விட்டதற்காக அவரை மேளதாளத்தோடு அழைத்துவந்து பரிவட்டம் கட்டினோம். அதில் தனக்கு முன்னால் ஆபீஸ்காரருக்குக் கட்டிவிட்டார்கள் என்று என் பெரியப்பா கோபித்துக்கொண்டு சாகும்வரை அந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது பார்த்தால் அதே ரத்தம்தான் எனக்கும்.

ஊ மாணிக்கம் தேதியை மாற்றிக்கொடுத்த அதிகாரி யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். அழைக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமா என்றார். அழைப்பிதழோடு அவர் போனபோது கூட நானும் போனேன். ஊ டின் ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர், மடிப்புக் கலையாத லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக இருப்பவர். முடியாது என்று சொன்னால் எங்கள் மனது கஷ்டப்படும் என்று நினைத்தாரோ என்னவோ, வருகிறேன் என்றார். யமுனாவிடம் நான் சொல்லவில்லை. தேரன்று அவரைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் பர்மீய விருந்தாளிகளுக்கு மாலை போட்டுத் தோளில் ஒரு துண்டு போர்த்துவதோடு சரி. தலைக்குப் போவதில்லை. பழைய குருக்களுக்கு அது தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டார். புதுக் குருக்கள் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பர்மீயத்தில் ஒரு சொல் தெரியாது, ஆனால் மனதில் அழுக்கே இல்லாத மனிதர். தேர் நகர வழி செய்தவர் இவர்தான் என்று நான் ஊ டின்னைக் காட்டியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெறும் துண்டு போதாது என்று நினைத்திருக்க வேண்டும். விறுவிறுவென்று உள்ளே போனார். அம்மனுக்குப் போன வெள்ளிக்கிழமை சாத்திய சிவப்புப் பட்டுப் புடவையை எடுத்துவந்தார். மடித்துச் சுருட்டி ஊ டின்னின் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது, கொடுத்து வச்சவர்" என்றார் என்னிடம்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஊ மாணிக்கம் தேருக்கு முன்னால் வடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா மாவிளக்கோடு பின்னால் கூட்டத்தில் இருந்தாள். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு ஊ டின் பக்கத்தில் நின்றேன். அந்த நிமிடம் எனக்கு இருந்தது பெருமை மட்டும்தான். என் மகளின் மேலதிகாரி தலையில் அம்மன் புடவை.

அவரோடு வந்த ஆபீஸ்காரர்கள் இருவர், இது என்ன துணி என்று ஒரு தொண்டரைக் கேட்டார்கள். அவரும் பக்தியோடு விளக்கினார். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார். ஊ டின்னின் கை தலைத்துணி வரை போயிற்று. எதிரே அத்தனை பேரும் கைகூப்பி நிற்பதைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார்.

இந்த நாட்டில் பெண்கள் இடுப்பில் கட்டிய துணி ஆணின் தலைக்கு மேலே வரக் கூடாது. பெண்களின் லுங்கியைத் தமெய்ன் என்பார்கள். அது காயும் கொடிக்கு அடியில்கூட ஆண்கள் நடக்க மாட்டார்கள். ஆணுக்கு உள்ள புண்ணிய பலமெல்லாம் அதனால் போய்விடும் என்று நம்பிக்கை. இது எனக்குத் தெரியாததா? சரோஜா தன் துணியைப் பின்பக்கம் தாழ்வாகக் கட்டிய கொடியில்தான் உலர்த்துவாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். துணிக்கொடியில் தெரிந்தது எனக்குக் கோயில் வாசலில் தெரியவில்லை. சாமி கட்டிய புடவையாயிற்றே, அதுவும் தமெய்னும் ஒன்றாகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்பேன். ஊ டின்னின் தலை அவருடைய தலை அல்லவா.

தேர் நகர்ந்தது. யமுனா தண்டவாளத்தருகே, தான் அடைத்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சக்கரம் துளிக்கூட அதிராமல் தாண்டியது. அப்போதுதான் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தாள். அன்று எல்லோரும் பார்த்திருக்க வேண்டியது அவளை. அவளோ ஊ டின்னின் தலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். தேர் கண்ணுக்கு மறையும்வரை ஊ டின் அந்தப் புடவையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

5

படம் அன்று மாலையே ஃபேஸ்புக்கில் வந்துவிட்டது. கீழே எழுதியிருந்ததை சரோஜா எனக்குத் தமிழில் சொல்ல மறுத்துவிட்டாள்.

யமுனாவின் வேலைக்கு ஆபத்து என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் ஊ டின் வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, சோதனை வண்டி வேலையைப் பார்த்தாராம். அவளைத் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. யமுனாதான் வீட்டில் பேச்சைக் குறைத்தாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பெரிய மனுஷன், மறந்துவிட்டார் என்றேன். சரோஜா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஊ டின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சரோஜாதான் சொன்னாள். இங்கே புத்தாண்டுக்கு முன் பெரியவர்களின் தலையை ஒருவகை மரப்பட்டையும் சீயக்காயும் ஊறிய தண்ணீரால் கழுவிவிடுவார்கள். பிடித்த பீடையெல்லாம் போய்விடும் என்பது ஐதீகம். சந்தையில் அந்தப் பட்டையும் சீயக்காயும் வாங்கி ஒரு புதுத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீனுக்குப் போனோம். ஊ டின் வீடு அங்கேதான். வழி நெடுக நான் சொல்லவேண்டிய பர்மீய வாக்கியத்தைச் சரோஜா சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

அவர் மனைவி பட்டையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அன்றைக்கே கழுவியாகிவிட்டது என்று மெதுவாகச் சொல்லி, ஆனாலும் தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தேநீர் வந்தது. நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். ஊ டின் சிரித்தார். நல்ல மனதோடு செய்தீர்கள், அதில் குற்றம் இல்லை என்றார். பிறகு சரோஜாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினார். நான் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சரோஜா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். ரயிலில்தான் எனக்குச் சொன்னாள். யமுனா வேலையை விடுகிறேன் என்று இரண்டு தடவை போய் நின்றிருக்கிறாள். இரண்டு தடவையும் அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது தடவை அவளுடைய முகத்தைப் பார்த்து, அவரால் மறுக்க முடியவில்லையாம். தன் மேல் ஏதாவது கோபமா என்று அவர் அவளைக் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். அவர்தான் சிரித்துவிட்டாரே, நாங்கள்தான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டோமே, இன்னும் என்ன என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அவர் ஒரு வார்த்த திட்டல அப்பா. திட்டியிருந்தா நா இருந்திருப்பேன். தினம் காலையில சாப்டியான்னு கேக்குறாரு. எனக்கு அவர் தலைய நிமுந்து பாக்க முடியல."

அதற்கு மேல் தமிழ் வரவில்லை அவளுக்கு. ஆனாடே என்றாள். இந்த ஊரில் குழந்தைகூடச் சொல்லும் சொல் அது. நம்மால் இன்னொருவருக்குச் சங்கடம் வந்துவிட்டதே என்று மனது நோவது. நமக்கு மன்னிப்புக் கேட்டால் ஆறிவிடும். அவர்களுக்கு, எதிராளி மன்னிக்க மன்னிக்கத்தான் நோவு கூடுகிறது. என் மகள் அந்த அளவுக்கு இந்த ஊர்க்காரியாகிவிட்டாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஊர்க்காரியாக ஆனதால்தான் அவளால் இந்த ஊரில் இருக்க முடியவில்லை. நான் இன்னும் ஆகவில்லை, அதனால் இருக்கிறேன். மறுநாளும் எனக்குப் பசித்தது, கம்பெனிக்குப் போனேன், உளுந்து மூட்டைகளை எண்ணினேன்.

6

பாங்காக் விமானம் காலையில். பெட்டிகளைக் கீழே டாக்ஸியில் ஏற்றியாகிவிட்டது. இங்கே வீட்டைவிட்டுப் போகும் பிள்ளைகள் பெற்றோரை மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். யமுனா முதலில் அம்மாவைக் கும்பிட்டாள். சரோஜா அழுதுகொண்டே பர்மீயத்தில் ஏதேதோ வாழ்த்தினாள். பிறகு என் முன்னால் வந்து மண்டியிட்டு மூன்று முறை குனிந்தாள். மூன்றாவது முறை நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தாள்.

ஆசீர்வாதம் செய்ய வலது கையை நீட்டினேன். அவள் தலைக்கு ஒரு சாண் மேலே கை நின்றுவிட்டது. இந்த ஊரில் தலையைத் தொடலாமா? பெரிய பெண்ணின் தலையை? அப்பா தொடலாமா, தொட்டால் இவளுக்கும் ஏதாவது ஆகிவிடுமா? வாழ்நாளில் முதல் முறையாக நான் இப்படி யோசித்தேன். சரோஜாவைக் கேட்கலாம் என்று திரும்பினேன், அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்திருந்தாள். கீழே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நல்லா இரும்மா என்றேன். அவள் இன்னும் சிறிது நேரம் அப்படியே குனிந்திருந்தாள். பிறகு எழுந்து, என்னைப் பார்க்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குத்தான் போன் செய்தாள். வேலை, அறை, சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டாளாம். அப்பா ஏன் தலையில் கை வைக்கவில்லை, இன்னும் என் மேல் கோபமா என்று.

சரோஜா போனை என்னிடம் நீட்டினாள். இதை விளக்கும் அளவுக்கு எனக்குப் பர்மீயம் இல்லை. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் புரியும். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள்.